வெந்நீர் ஊற்றில் வாழும் உயிர்களின் உணவு

அமெரிக்க நாட்டின் யெல்லோஸ்டோன் பூங்கா 1872ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா ஆயிற்று. அங்குள்ள வெந்நீர் ஊற்றுகள் வெறும் காட்சிப் பொருள்கள் அல்ல, உயிர்களின் உறைவிடங்கள் என்பதை 1960களில் நிலைநாட்டியவர் தாமஸ் பிராக் என்னும் அறிஞர். 1966இல் அவரும் அவர் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் கண்டெடுத்த ‘தெர்மஸ் அக்குவாட்டிகஸ்’ எனும் நுண்ணுயிர், பிற்காலத்தில் மரபணுவைப் படியெடுக்கும் முறைக்கு வழிகாட்டியது.

ஆனால் ஆக்டோபஸ் ஊற்றில் 80 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அசையும் இளஞ்சிவப்பு இழைகள் எளிதில் பிடிபடவில்லை. அவற்றினின்று ‘தெர்மோகிரினிஸ் ரூபர்’ என்னும் உயிரைப் பிரித்து வளர்த்த செய்தியை ஜெர்மானிய ஆய்வாளர் 1998இல் வெளியிட்டனர். எனினும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்ததை உண்ணும் உயிர், ஊற்றில் எதை உண்கிறது? இதற்கு விடை கரியில் கிடைத்தது.

இயற்கையில் உள்ள கரியணுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 99 பங்கு 12 என்னும் எடையுடையவை. ஒரு பங்கே 13 எடையுடையது. உயிர்கள் பெரும்பாலும் எடை குறைந்த கரியையே விரும்பி ஏற்கும். அவ்விருப்பத்தின் அளவு உணவுக்கும் உண்ணும் முறைக்கும் ஏற்ப மாறும். இவ்வுயிரைக் கரியமில வாயுவில் வளர்த்தபோது, அதன் உடலில் கனத்த கரி உணவில் உள்ளதைவிட ஆயிரத்துக்குச் சுமார் 3 குறைந்தது. ஃபார்மேட் என்னும் உப்பில் வளர்த்தபோது சுமார் 20 குறைந்தது. இது 2001இல் வெளியான ஆய்வின் முடிவு.

ஆயினும் ஊற்றில் பல உயிர்கள் கலந்து வாழ்கின்றன. மொத்தமாக அளந்தால் சராசரியே கிட்டும். கொழுப்பைப் பிரித்து அளக்கலாம். ஆனால் ஒரே வகைக் கொழுப்பு பல உயிர்களிடம் இருப்பதுண்டு. புரதமோ அவ்வாறன்று. அதன் அமினோ அமிலங்களின் வரிசை, அது எவ்வினத்துக்கு உரியது என்பதைக் காட்டிவிடும்.

இவ்வுண்மையைக் கொண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆன் பியர்சன் குழுவினர் 2014இல் ஒரு முறையை வெளியிட்டனர். புரதக் கலவையைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் ஒரு பகுதியால் உரிமையாளரை அறிவர். மற்றொரு பகுதியால் கரியின் எடை விகிதத்தை அளப்பர். ஒரு கூறில் பல இனங்களின் புரதங்கள் கலந்திருப்பின் முடிவு தெளிவுபடாது. எண்ணிக்கையில் குறைந்த உயிர்கள் மறைந்துபோகவும் கூடும். இக்குறைகள் இருப்பினும், கண்ணாடிக் குடுவையில் வளர மறுக்கும் உயிர்களையும் அவற்றின் சொந்த இடத்திலேயே வைத்து, அவை உண்டது யாதென அறிய இம்முறை வழி திறந்துள்ளது.