உளியிலிருந்து ஐ.டி.ஐ. வரை

குமரி மாவட்டத்து மயிலாடி என்றதும் நினைவுக்கு வருவது கல் சிற்பங்கள்தான். உளி பிடிக்கப் பட்டறையில் மூத்த சிற்பியிடம் பல வருடங்கள் இருந்து பழக வேண்டும். ஒரு காலத்தில் எல்லாத் தொழிலும் இப்படித்தான். கொல்லர் மகன் கொல்லர். வெளியாளுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பும் படைவீரர்களுக்கு வேலை தேடித்தர 1945-ல் அரசு ஓர் இயக்ககம் அமைத்தது. அதன் கீழ் 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. அதில் பிறந்தவையே இன்றைய ஐ.டி.ஐ.க்கள். பிட்டர் பிரிவு இரண்டு வருடம். அரம் தேய்ப்பதில் ஆரம்பித்து மெஷினைக் கழற்றி மாட்டுவது வரை கற்கலாம். 1961-ம் வருட தொழில் பழகுநர் சட்டம், பழகுநர்களைச் சேர்த்து உதவித்தொகை தருவதைப் பல தொழிற்சாலைகளுக்குக் கட்டாயமாக்கியது.

கொல்லர் வீட்டில் பிறக்காதவரும் இரும்பு வேலை கற்று மெக்கானிக் ஆகலாம் என்ற நிலை பரவலானது இப்படித்தான்.