பாரிஸ் முற்றுகை (1870–71)

பிரெஞ்சு–பிரஷியப் போரில் ஜெர்மானியப் படைகள் பாரிஸ் நகரை 1870 செப்டம்பர் 19 முதல் 1871 ஜனவரி 28 வரை வளைத்து நின்ற நிகழ்வு. 885–86இல் வைக்கிங்குகளும் 1590இல் நான்காம் ஹென்றியும் இந்நகரை முன்பே முற்றுகையிட்டதுண்டு.

செடான் தோல்வியில் மூன்றாம் நெப்போலியன் சிறைப்பட, செப்டம்பர் 4 அன்று பாரிஸில் குடியரசு அறிவிக்கப்பட்டது. இரண்டே வாரங்களில் ஏறத்தாழ 20 லட்சம் பேருடன் நகரம் அடைபட்டது.

அஞ்சல்: தந்தி அறுபட்டபின் வெளியே செல்ல வானமே வழியாயிற்று. ரயில் ஓடாத நிலையங்களில் பெண்கள் பலூன் துணி தைத்தனர். மாலுமிகள் ஓட்டிகளாகப் பழகினர். செப்டம்பர் 23இல் ‘நெப்டியூன்’ முதல் அஞ்சலைக் கொண்டுசென்றது. அக்டோபர் 7இல் அமைச்சர் காம்பெத்தா மோன்மார்த்ரிலிருந்து பறந்து தப்பினார். ஒரு பலூன் நார்வேயில் போய் இறங்கியது. இரண்டு கடலோடு போயின. மொத்தம் 65 என்பர் சிலர், 67 என்பர் வேறு சிலர்.

பலூனைக் காற்றுக்கு எதிராகத் திருப்ப வழியில்லாததால் மறுமொழி கொணரப் புறாக்கள் உடன் சென்றன. தக்ரோன் என்ற புகைப்படக்காரர் ஆயிரக்கணக்கான செய்திகளைச் சுருக்கி மெல்லிய படலத்தில் பதித்தார். அதைச் சுருட்டி இறகுக் குழலில் செருகிப் புறாவின் வால் சிறகில் பட்டுநூலால் கட்டுவார்கள். பாரிஸில் படலத்தைக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து, மாயவிளக்கால் திரையில் பெரிதாக்கி, எழுத்தர்கள் வரிவரியாகப் படியெடுத்தனர். அனுப்பிய முந்நூறு புறாக்களில் வீடு திரும்பியவை அறுபதுக்கும் குறைவு.

உணவு: முதலில் குதிரை, பிறகு பூனை, நாய், எலி. காஸ்தோர், பொல்லுக்ஸ் என்ற யானைகளும் இறைச்சிக் கடைக்குப் போயின. வுவாசேன் உணவகத்தின் டிசம்பர் 25 உணவுப் பட்டியலில் யானைச் சாறு உள்ளது. ஆனால் யானைகள் கொல்லப்பட்டது மாதக் கடைசியில் என்றே பொதுவாகக் குறிக்கப்படுகிறது. இம்முரண் தீரவில்லை.

முடிவு: 1871 ஜனவரி 5 முதல் நகருக்குள் குண்டுகள் விழுந்தன. ஜனவரி 18இல் வெர்சேய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டது. பத்து நாளில் போர்நிறுத்தம். மார்ச்சில் எழுந்த பாரிஸ் கம்யூன் தனித் தலைப்பில் காண்க.

பின்னாளில்: பலூன் ஓட்டிகளுக்காகப் பார்த்தோல்தி வடித்த நினைவுச்சின்னம் 1906இல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போரில் உலோகத்துக்காக உருக்கப்பட்டது. முற்றுகையின்போது கடிதங்களை அடைத்துச் சேன் ஆற்றில் உருட்டிவிட்ட துத்தநாக உருண்டைகளில் ஒன்றுகூட அப்போது பாரிஸை எட்டவில்லை. ஒன்று 1968இல் ஆற்றிலிருந்து கிடைத்தது, உள்ளே கடிதங்களுடன்.