1815 என்னும் எல்லைக்கோடு: தொல்பொருட் பாதுகாப்பும் மலையக மக்களின் வரலாறும்

வரலாற்றுச் சின்னங்களைப் பேணுதல் அரசின் கடமைகளுள் ஒன்றென்பதை இன்று மறுப்பார் இலர். ஆயின், எது சின்னம், எக்காலத்துக்குரியது பேணத்தக்கது, அதனைத் தீர்மானிப்போர் யாவர் என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. இவ்வினாக்களுக்குரிய விடை பெரும்பாலும் சட்டமொன்றின் வரைவிலக்கணப் பிரிவிலே, எவர் கவனத்தையும் ஈர்க்காவண்ணம், முன்னரே எழுதப்பட்டிருக்கும். இலங்கையின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்ற ஒரு திகதியைத் தொடக்கமாகக் கொண்டு, அரச நிறுவனங்களின் பாதுகாப்புப் பணி எவரது வரலாற்றைத் தன்னகத்தே கொண்டது, எவரது வரலாற்றை வெளியே நிறுத்தியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் இப்பணி குடியேற்ற ஆட்சிக் காலத்திலே தொடங்கிற்று. 1868 ஆம் ஆண்டிலே தேசாதிபதி சேர் ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் பண்டைய கட்டிடங்கள் பற்றிய தகவல்களைத் திரட்டும் பொருட்டுக் குழுவொன்றை நியமித்தார். 1890 இல் தொல்பொருளாய்வுப் பணி தனி அமைப்பாக உருப்பெற்றது. அதன் முதல் ஆணையாளரான எச். சி. பி. பெல் 1912 வரை அப்பதவியிலிருந்து, அநுராதபுரம், பொலநறுவை, சிகிரியா முதலிய இடங்களிலே காடு மண்டிக் கிடந்த அழிபாடுகளை வெளிக்கொணர்ந்தார். 1940 முதல் 1956 வரை ஆணையாளராக விளங்கிய செனரத் பரணவிதானவின் காலத்திலே கல்வெட்டாய்வும் கட்டிடப் பேணுகையும் புதிய வளர்ச்சி பெற்றன.

இப்பணியின் பயனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பொலநறுவையிலே சோழர் காலத்தில் எழுந்த வானவன் மாதேவி ஈஸ்வரம், அதாவது தொல்பொருள் திணைக்களத்தார் இரண்டாம் சிவ தேவாலயம் என வழங்கும் கற்றளி, இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. அந்நகரின் சிவாலயங்களை அண்டிய அகழ்வுகளிலே கிடைத்த வெண்கலப் படிமங்கள் கொழும்பு நூதனசாலையை அணிசெய்கின்றன. அரச பாதுகாப்பு இல்லாதிருப்பின் இவற்றிற் பல கைமாறியோ உருக்குலைந்தோ போயிருக்கும். ஆகவே அரச நிறுவனமொன்று தேவையா என்பதன்று எமது வினா. அந்நிறுவனத்தின் பார்வை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதே வினா.

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இதற்குத் திட்டவட்டமான விடையளித்தது. 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டதாக அறியப்பட்ட, அல்லது அவ்வாறு நம்பப்படுகின்ற பொருட்களும் கட்டிடங்களுமே தொல்பொருள் என்னும் வரையறைக்குள் அடங்கின. அத்திகதி கண்டிப் பிரதானிகளும் பிரித்தானியரும் கண்டி ஒப்பந்தத்தைச் செய்துகொண்ட நாளாகும். மன்னராட்சி மறைந்ததோடு தொன்மையும் முடிவுற்றது என்னும் கருத்து இவ்வரைவிலக்கணத்தின் அடியிலே கிடக்கின்றது. பிற்காலக் கட்டிடங்களையும் அமைச்சர் வர்த்தமானிக் கட்டளை மூலம் பாதுகாப்புக்குள் கொண்டுவருவதற்குச் சட்டம் இடமளிக்கின்றது என்பது உண்மையே. எனினும் இரண்டுக்குமிடையே பெரும் வேறுபாடு உண்டு. கோட்டுக்கு அப்பாலுள்ளவை தம் வயதினாலேயே தொன்மை பெறுகின்றன. இப்பாலுள்ளவையோ அதிகாரிகளின் விருப்பை எதிர்பார்த்துக் காத்து நிற்கவேண்டியுள்ளன.

இக்கோட்டினால் மிகுதியும் பாதிக்கப்பட்டது மலையகத் தமிழ் மக்களின் வரலாறாகும். கோப்பிப் பெருந்தோட்டங்கள் 1820 களிலிருந்தே மலைநாட்டிலே தோன்றத் தொடங்கின. 1869 இல் வெளிப்பட்ட இலைநோய் கோப்பிச் செய்கையை அழிவுப்பாதையிலே செலுத்த, 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்திலே பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இவ்விரு பயிர்களுக்குமாகத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட உழைப்பாளரின் வாழ்வு முழுவதும் 1815 இன் பின்னரே இந்நாட்டிலே நிகழ்ந்தது. அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கி நடந்த வடக்குப் பாதை, பிரட்டுக்களம், லயம், கொழுந்து மடுவம், கோயில், இடுகாடு ஆகிய யாவும் சட்டத்தின் இயல்பான பாதுகாப்புக்கு அப்பாற்பட்டவை. ஒரு சமூகத்தின் கடந்தகாலம் முழுவதும் ஒரு திகதியினால் தொன்மையற்றதாக்கப்பட்டது எனில் அது மிகையாகாது.

இச்சட்டம் இயற்றப்பட்ட அதே 1940 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திலே சம்பள உயர்வு கோரிய தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்தனர். சனவரி 10 ஆம் திகதி பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அது குறித்து அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவின் முன் கோவிந்தனின் மனைவி சார்பாக கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதிட்டார். இந்நாட்டுத் தொழிலாளர் இயக்க வரலாற்றிலே முல்லோயா ஒரு திருப்புமுனை என்பதை ஆய்வாளர் ஏற்பர். ஆயினும் அவ்வாண்டுச் சட்டத்தின் வரைவிலக்கணத்தின்படி நோக்கின், கோவிந்தன் விழுந்த மண் தொல்பொருட் பெறுமதி எதுவுமற்ற வெற்று நிலமே.

சுதந்திரத்தின் பின்னரும் இந்நோக்கு அடிப்படையில் மாறவில்லை. 1980 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பிரதம மந்திரியின் தலைமையில் ஆளுநர் சபையொன்றைக் கொண்ட மத்திய கலாசார நிதியம் நிறுவப்பட்டது. யுனெஸ்கோவின் ஒத்துழைப்போடு அது மேற்கொண்ட கலாசார முக்கோணத் திட்டம் அநுராதபுரம், பொலநறுவை, சிகிரியா, தம்புள்ளை, கண்டி ஆகியவற்றிலே கவனஞ் செலுத்திற்று. இவை உலக மரபுரிமைகள் என்பதில் ஐயமில்லை. எனினும் அரண்மனையும் மடாலயமுமே மரபுரிமை என்னும் எண்ணத்தை அத்திட்டம் வலுப்படுத்தியது. சபைகளில் அமர்வோர் யாவர் என்பதும் இங்கே கருத்திற் கொள்ளத்தக்கது. 2020 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமை முகாமைத்துவத்துக்கென நியமிக்கப்பட்ட சனாதிபதி செயலணி பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில் அமைந்தது. தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையினராக வாழும் அம்மாகாணத்துக்குரிய செயலணியிலே, முதலில் நியமிக்கப்பட்டோருள் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவரேனும் இருக்கவில்லை.

பெருந்தோட்ட வரலாற்றை அரச நிறுவனங்கள் முற்றாகவே புறக்கணித்தன என்று கூறுவதும் பொருந்தாது. 1976 இல் நிறுவப்பட்ட இலங்கைத் தேயிலைச் சபை, தோட்டத்துறை அமைப்புகளோடு இணைந்து கண்டியை அடுத்த ஹந்தானையிலே தேயிலை நூதனசாலையை அமைத்தது. 1925 இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டிருந்த தேயிலைத் தொழிற்சாலையொன்று இதற்கெனப் புதுப்பிக்கப்பட்டு 2001 இல் திறந்துவைக்கப்பட்டது. பழைய உருளைகள், உலர்த்திகள், இயந்திரங்கள், டெயிலரின் நினைவுப் பொருட்கள் ஆகியன அங்கே செவ்வனே பேணப்படுகின்றன. இது பாராட்டுக்குரிய முயற்சியே. ஆயின் உழைப்பாளர் வாழ்ந்த லயத்தை நூதனசாலையாக்கும் பணி அரச சபை எதனாலும் தொடங்கப்படவில்லை. 2007 இலே பழைய பீக்கொக் தோட்டத்தில் அரச சார்பற்ற நிறுவனமொன்றே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையை நிறுவியது. இயந்திரத்தைக் காத்தது அரச சபை. அதனை இயக்கியவரின் வாழ்வைக் காக்கும் பொறுப்பு பிறருக்கு விடப்பட்டது.

இவ்விடத்திலே நியாயமான தடையொன்று எழும். சுமார் 10 அடிக்கு 12 அடி அளவான அறைகளிலே தலைமுறை தலைமுறையாக மக்களை அடைத்துவைத்த லயங்கள் பேணப்படவேண்டியவையா, இடிக்கப்படவேண்டியவையா? காணியும் தனி வீடும் கோரிப் போராடும் மக்களிடம் உங்கள் லயம் மரபுரிமைச் சின்னமென்று கூறுவது கொடுமையன்றோ? இவ்வாதத்தை நாம் முழுமையாக ஏற்கின்றோம். மனிதர் லயங்களிலே தொடர்ந்து வாழ்வதற்குப் பாதுகாப்பு என்னும் பெயர் ஒருபோதும் காரணமாகலாகாது. மக்கள் புதிய வீடுகளுக்குச் செல்லுதலே முதன்மையானது. அவர்கள் வெளியேறிய பின்னர், தெரிந்தெடுத்த ஒருசில லயங்களையேனும் அளந்து, படமெடுத்து, அங்கு வாழ்ந்தோரின் வாய்மொழிச் சான்றுகளோடு பேணுதல் வேண்டும் என்பதே எமது கருத்து. அவ்வாறன்றி எல்லாம் இடிக்கப்படின், அங்கே நிகழ்ந்த சுரண்டலுக்குரிய பௌதிகச் சான்றும் இடிந்துபோகும். அதனால் நன்மையடைவோர் தொழிலாளர் அல்லர்.

பேணுகை என்பது கட்டிடங்களோடு மட்டும் நின்றுவிடுவதுமன்று. செக்ரோல் புத்தகங்கள், தோட்டப் பிறப்பு இறப்புப் பதிவுகள், 1921 இல் சட்டத்தினால் ஒழிக்கப்படும்வரை தொழிலாளரைக் கடனாற் பிணித்த துண்டுச் சீட்டுகள் முதலியனவும் வரலாற்று மூலங்களே. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையிற் பிறந்தமையை நிரூபிக்குமாறு கோரியபோது, அதற்குரிய பிறப்புச் சான்றுகள் பல்லாயிரவரிடம் இருக்கவில்லை. ஏடு பேணப்படாமை உரிமையிழப்புக்குத் துணைபோன வரலாறு இது. ஒரு பதிவேடு செல்லரித்துப் போவதைச் சிறு நிர்வாகக் குறைபாடென மலையக மக்கள் எங்ஙனம் கருதவியலும்?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. தொன்மையைத் தீர்மானிப்பதிலே 1815 என்னும் கோட்டை நீக்கி, நூறாண்டு போன்ற நகர்ந்துசெல்லும் கால எல்லையொன்றை அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும். பாதுகாப்புச் சபைகளிலே அவ்வப் பிரதேச மக்களும் தொழிலாளர் அமைப்புகளும் வரலாற்றாசிரியரும் இடம்பெறுதல் வேண்டும். தோட்ட ஆவணங்கள் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் பொறுப்பிலே தொகுக்கப்படல் வேண்டும். இவற்றுள் எதற்கும் பெருந்தொகைப் பணம் வேண்டியதில்லை. நோக்கு மாற்றமே வேண்டப்படுவது.

2023 ஆம் ஆண்டு யூலை, ஆகஸ்து மாதங்களிலே, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனியொன்று இடம்பெற்றது. முன்னோர் நடந்த வழியை வழித்தோன்றல்கள் தம் கால்களாலேயே மீண்டும் குறித்தனர். அரச சபையொன்று செய்திருக்கவேண்டிய நில ஆய்வின் முதற் கட்டத்தை அவர்கள் செய்து முடித்துள்ளனர். அவ்வழியிலே கல் நாட்டுவதும், அதனை வர்த்தமானியிற் பொறிப்பதும் இனி அரசின் கடனாகும். அக்கடனை நினைவூட்டுவது ஆய்வாளராகிய எமது பொறுப்பு.