உயிருள்ள தோலின் இறுக்கத்தை அளப்பது எப்படி? கருவிக்குக் கருவி எண் மாறுவது ஏன்?

வயிற்றுப்போக்கால் சோர்ந்த குழந்தையின் வயிற்றுத் தோலை, சுகாதாரப் பணியாளர் இரு விரல்களால் கிள்ளித் தூக்கி விடுகிறார். தோல் பழைய நிலைக்குத் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆனால், அது கடுமையான நீரிழப்பின் அறிகுறிகளில் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. உலக சுகாதார அமைப்பு வகுத்துள்ள இந்த எளிய சோதனை, தோலின் மீள்தன்மையை அளக்கும் ஒரு முறையே ஆகும்.

ஆயினும், இது எப்போதும் சரியான விடையைத் தருவதில்லை. கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைக்கு, நீரிழப்பு இல்லாதபோதும் தோல் மெதுவாகவே திரும்பலாம். உடல் பருத்த குழந்தைக்கு, நீரிழப்பு இருந்தும் தோல் விரைந்து திரும்பக்கூடும். எனவே கண்கள் குழிவிழுதல், சோர்வு, நீர் அருந்தும் விதம் ஆகியவற்றையும் சேர்த்தே நீரிழப்பின் அளவு முடிவு செய்யப்படுகிறது.

தோலின் இயல்பு

தோலின் வலிமைக்கு முதன்மைக் காரணம், மேல்தோலுக்கு அடியில் உள்ள உள்தோல் அடுக்கு. அதில் கொலாஜன், எலாஸ்டின் என்ற இரு வகைப் புரத இழைகள் உள்ளன. தோலை மெல்ல இழுக்கும்போது சுருண்டிருக்கும் கொலாஜன் இழைகள் நிமிர்வதால் அது எளிதில் நீள்கிறது. மேலும் இழுத்தால், நிமிர்ந்த இழைகள் சுமையைத் தாங்கத் தொடங்குவதால் தோல் திடீரென விறைக்கிறது. இழுவிசை நீங்கிய பின் தோலை முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவருவதில் எலாஸ்டினுக்கு முக்கியப் பங்கு உண்டு.

தோல் ரப்பரைப் போல உடனே மீள்வதில்லை. ஒரு பகுதி உடனடியாகவும், எஞ்சியது மெதுவாகவும் திரும்புகிறது. மேலும், எல்லாத் திசைகளிலும் அதன் இறுக்கம் ஒன்றாக இருப்பதில்லை. ஆஸ்திரிய உடற்கூறியல் அறிஞர் கார்ல் லாங்கர், இறந்த உடல்களில் வட்ட முனை கொண்ட குத்தூசியால் துளையிட்டபோது, துளைகள் நீள்வட்டமாக மாறுவதைக் கண்டு 1861-ஆம் ஆண்டு பதிவு செய்தார். அவர் வரைந்த கோடுகள் இன்றும் ‘லாங்கர் கோடுகள்’ எனப்படுகின்றன. அவற்றின் திசையில் அமையும் வெட்டுக்காயம் குறைவாகவே விரிவதால், அறுவை சிகிச்சையில் இக்கோடுகள் கருத்தில் கொள்ளப்படுகின்றன.

கருவிகள் செயல்படும் விதம்

உடலிலிருந்து வெட்டியெடுத்த தோல் சுருங்கிவிடும். ஆகவே உயிருள்ள தோலை அது இருக்கும் இடத்திலேயே, காயப்படுத்தாமல் அளக்க வேண்டியுள்ளது.

பரவலாகப் பயன்படுவது உறிஞ்சல் முறை. ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட ‘கியூட்டோமீட்டர்’ கருவியின் முனையில், பொதுவாக 2 மி.மீ. அகலமுள்ள துளை இருக்கும். குறைந்த காற்றழுத்தம் தோலைத் துளைக்குள் இழுக்க, அது எவ்வளவு உயர்ந்தது என்பதை ஒளியைக் கொண்டு கருவி கணிக்கிறது. அழுத்தம் நீங்கியதும் எவ்வளவு திரும்பியது என்பதும் பதிவாகிறது. திரும்பிய அளவை உயர்ந்த அளவால் வகுத்தால் கிடைக்கும் எண் 1-ஐ நெருங்கினால் மீள்தன்மை மிகுதி என்று பொருள்.

முறுக்கு முறையில், தோலில் ஒட்டிய சிறு வட்டு திருப்பப்பட்டு, அது சுழன்ற கோணம் அளக்கப்படுகிறது. அழுத்து முறையில் சிறு முனை தோலை உள்நோக்கி அழுத்துகிறது. அதிர்வு அலை தோலில் பரவும் வேகத்தை மீயொலியால் கணிக்கும் முறையும் உண்டு.

எண்கள் மாறுவது ஏன்?

பிரான்சின் பியர் அகாஷ் குழுவினர் 1980-இல் முறுக்கு முறையில் செய்த ஆய்வில், தோலின் விறைப்பைக் காட்டும் யங் குணகம் 30 வயதுக்கு உட்பட்டோருக்குச் சுமார் 4.2 லட்சம் பாஸ்கல் என்றும், அதற்கு மேற்பட்டோருக்குச் சுமார் 8.5 லட்சம் பாஸ்கல் என்றும் தெரியவந்தது. அழுத்து முறையிலோ சில ஆயிரம் பாஸ்கல் அளவிலான மதிப்புகளும் கிடைத்துள்ளன.

இவற்றுள் ஒன்று சரி, மற்றது தவறு என்று கூற இயலாது. முறுக்கும்போது கொலாஜன் இழைகள் இழுக்கப்படுகின்றன. அழுத்தும்போது அடியிலுள்ள மென்மையான கொழுப்பும் சேர்ந்து அமுங்குகிறது. இரு முறைகளும் தோலிடம் வெவ்வேறு வினாக்களை எழுப்புகின்றன. உடலின் பகுதி, அமர்ந்த நிலை, வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவையும் முடிவை மாற்றும். எனவே ஒரே நபரின் ஒரே இடத்தை, ஒரே கருவியால், ஒரே சூழலில் மீண்டும் அளந்து ஒப்பிடுவதே நம்பகமானது.

நோயாளிக்கு என்ன பயன்?

தோல் இறுகிக் கடினமாகும் ‘ஸ்கிளிரோடெர்மா’ நோயில் இந்த ஒப்பீடு முக்கியமானது. மருத்துவர் உடலின் 17 இடங்களில் தோலைக் கிள்ளிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தருகிறார். மொத்தம் 51. இரு மருத்துவர்களின் விரல்கள் ஒரே மதிப்பெண்ணைத் தரும் என்ற உறுதி இல்லை. மருந்து பயனளிக்கிறதா என்ற முடிவே இதைச் சார்ந்திருப்பதால், ரப்பரின் கடினத்தன்மையை அளக்கும் ‘டியூரோமீட்டர்’ உள்ளிட்ட கருவிகளும் இந்நோயில் சோதிக்கப்பட்டுள்ளன.

அழகு சாதன விளம்பரங்களில் ‘மீள்தன்மை உயர்ந்தது’ என்ற கூற்றைக் காண்போரும் இதை நினைவில் கொள்ளலாம். ஈரப்பதமூட்டும் களிம்பு பூசினாலே தோலின் மேலடுக்கு மென்மையாகி, அளவீடு மாறக்கூடும். எந்தக் கருவி, உடலின் எந்த இடம், பூசி எவ்வளவு நேரத்துக்குப் பின் அளக்கப்பட்டது என்பவை தெரியாமல், சதவீதம் மட்டும் எதையும் உணர்த்தாது.