தகரப் பெட்டியும் கர்ணத்தின் கணக்கும்



நினைவுப் பேருரை என்றால் பெரிய கோட்பாடு ஒன்றை எடுத்துப் பேசுவது வழக்கம். நாங்கள் பேசப்போவது ஒரு தகரப் பெட்டியைப் பற்றி. யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர் இறந்த மறுவாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்துக் காட்டினார்கள். அச்சேறாத கையெழுத்துப் படிகள் இருக்கும் என்று நினைத்துத் திறந்தோம். இருந்தவை கிஸ்தி ரசீதுகள், காலாவதியான ரேஷன் கார்டுகள், பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ்கள், காவல் நிலையத்தில் கொடுத்த மனுக்களின் நகல்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்தக் கட்டில் எந்தத் தாள் இருக்கிறது, எந்தத் தாளை யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தோம், திரும்பி வந்ததா இல்லையா என்று பென்சிலால் எழுதியிருந்தார். அவருடைய கட்டுரைகளைப் பலமுறை படித்திருக்கிறோம். அன்று அந்த நோட்டைத்தான் நெடுநேரம் படித்தோம்.

நம் மக்களை வாய்மொழி மரபினர் என்று சொல்லும் பழக்கம் ஆய்வுலகில் இருக்கிறது. நாமும் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறோம். அது பாதி உண்மைதான். பண்டிதர் அயோத்திதாசர் எழுதியிருப்பதை நினைத்துப் பாருங்கள். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அந்தத் துரை வழியாக எல்லீஸிடம் சேர்ப்பித்தார் என்கிறார் பண்டிதர். சுவடி வீட்டில் இருந்தது என்றால், அதைக் கறையானுக்கும் மழைக்கும் தப்பவைத்து யாரோ காத்திருக்கிறார்கள் என்று பொருள். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கிய அவருடைய இதழுக்கும் இதே கதைதான். பண்டிதர் 1914இல் மறைந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் வந்தது. இடையில் 85 ஆண்டுகள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்த இதழ்களைப் பத்திரப்படுத்தி வைத்திராவிட்டால் நாம் இன்று பண்டிதரைப் பற்றிக் கருத்தரங்கம் நடத்திக்கொண்டிருக்க மாட்டோம்.

ஆனால் இன்றைய பேச்சு இலக்கியத் தாள்களைப் பற்றியது இல்லை. நிலத்தைப் பற்றிய தாள்களைப் பற்றியது.

1891இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். சேரிக்காரர் ஒருவர் தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து மனு போட்டால் மிராசுதார்கள் எப்படித் தடுத்தார்கள், குடியிருக்கும் மனைகூட எப்படி மிராசுதார் தயவில் இருந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த்துறை ஆணை 1010 வந்தது. அதன் வழியாக ஒதுக்கப்பட்டவைதான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்பவை. முதல் பத்து ஆண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது, அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. 12 லட்சம் ஏக்கர் என்று ஒரு கணக்கை மேடைதோறும் சொல்லி வருகிறோம். அந்தக் கணக்கின் ஒவ்வொரு சர்வே எண்ணும் எங்கோ ஒரு பதிவேட்டில் இருந்தது. பதிவேடு யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி.

கர்ணத்திடம் இருந்தது. தாலுகா அலுவலகத்தில் ஒரு படி இருந்தாலும், ஊரில் எது யாருடைய நிலம் என்று சொல்லும் வாய் கர்ணத்தின் வாய்தான். பரம்பரைப் பதவி; கணக்கு அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. அந்தத் திண்ணையில் ஏறி உட்கார்ந்து என் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்கச் சேரிக்காரருக்கு முடியுமா? கல்யாணச் செலவுக்கோ காய்ச்சல் செலவுக்கோ ஐம்பது ரூபாய் வாங்கி, எழுதாத பத்திரத்தில் கைநாட்டு வைத்தவரிடம் நிபந்தனையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. செல்லாத கிரயம் ஊர்க்கணக்கில் செல்லுபடியானது இப்படித்தான். நம் வீடுகள் பலவற்றில் நுழைந்த முதல் தாள் புரோநோட்டு. அதுவும் நம்மிடம் தங்கவில்லை, கொடுத்தவர் வீட்டுக்கே போய்விட்டது. நம்மிடம் தங்கியது விரலில் இருந்த மை மட்டும்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. மணியக்காரரும் கர்ணமும் போய், தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நிலச் சீர்திருத்தம் பேசுகிறவர்கள்கூட இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எங்களைப் பொறுத்தவரை தமிழகக் கிராமத்தின் அதிகாரத்தில் நடந்த பெரிய உடைப்புகளில் இது ஒன்று. சேரியில் பிறந்த ஒருவர் ஊர்க்கணக்கைக் கையில் எடுத்தது அதன் பிறகுதான். ஆனால் கணக்கு முழுதாகக் கைமாறியதா? நாங்கள் போன கிராமங்களில், சில பழைய கட்டுகள் பழைய வீடுகளிலேயே தங்கிவிட்டன என்று வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அதே காலத்தில்தான் யு.டி.ஆர். என்று சொல்லப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டமும் நடந்தது. 1979இல் தொடங்கி 1987 வரை ஓடியது. யார் அனுபவத்தில் இருக்கிறாரோ அவர் பெயர் ஏறியது. புதிய சர்வே எண்களும் உட்பிரிவுகளும் வந்தன. பழைய ‘அ’ பதிவேட்டில் குறிப்புக் கலத்தில் ‘டி.சி. நிபந்தனை’ என்று இருந்த இரண்டு சொல், நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த சில கிராமங்களில் புதிய பதிவேட்டில் இல்லை. நிலத்தை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒரு கலத்தை நிரப்பாமல் விட்டார்கள், அவ்வளவுதான். இன்று கணினிச் சிட்டாவில் தேடினாலும் அந்த நிரப்பாத கலம்தான் நமக்குக் கிடைக்கும்.

காரணை மக்கள் இதை எதிர்த்துத்தான் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அந்தப் பெயர்களை ஒவ்வோர் ஆண்டும் உச்சரிக்கிறோம். அவர்கள் கேட்டது எந்தத் தாளில் இருந்தது என்று நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தாள் கையில் இருந்து கணக்கில் ஏறாத கதையும் உண்டு. 1978ஆம் ஆண்டின் அரிசன நலத் திட்ட நில எடுப்புச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்து, ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக வீட்டுமனைப் பட்டா கொடுத்தார்கள். மேடை போட்டு, பெண்கள் பெயரில், மூன்று சென்ட் அளவில் கொடுத்தார்கள். அந்தத் தாள் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். கிராமக் கணக்கில் அது ஏறியிருக்காது. இருபது ஆண்டு கழித்து வீட்டுக் கடனுக்குப் போனால், இந்த இடம் இன்னும் பழைய உடைமைக்காரர் பெயரில் இருக்கிறதே என்பார்கள். இன்னொரு வீட்டில் முனியம்மாள் என்று பட்டாவில் இருக்கும். ரேஷன் கார்டில் முனியம்மா. அந்த ஒரு ‘ள்’ இல்லாததால் வாரிசுச் சான்றிதழ் மாதக்கணக்கில் நின்றுபோகும். பெயரை எழுதியவர் யார்? ஆசிரியரோ கணக்கரோ காதில் விழுந்தபடி எழுதினார். திருத்த வேண்டியவர் மட்டும் முனியம்மாள்.

தாள் நமக்கு எவ்வளவு முக்கியம் என்பது நம்மைத் தாக்க வருகிறவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் புகுந்த காவலர்கள் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் தையல் இயந்திரங்களையும் உடைத்ததோடு நிற்கவில்லை. படித்த இளைஞர்களின் கடவுச்சீட்டுகளையும் சான்றிதழ்களையும் துணிகளோடு போட்டுக் கொளுத்தினார்கள் என்று அப்போதே பத்திரிகைகளில் வந்தது. வளைகுடாவுக்குப் போக இருந்த பிள்ளையின் பாஸ்போர்ட்டை எரிப்பது, அவன் ஊர்க்காரர் வயலுக்கே திரும்பி வர வேண்டும் என்று சொல்வதுதான். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தபோது, எரிந்தவற்றில் பள்ளிச் சான்றிதழ்களும் நிலப் பத்திரங்களும் இருந்தன.

ஆகவே எங்கே வைப்பது என்பது நமக்குக் குடித்தனக் கேள்வி மட்டும் இல்லை. பெரியவரின் நோட்டில் இதற்கும் ஒரு வழி இருந்தது. அசல் தன் பெட்டியில். ஒரு படி மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில், சம்பந்தி வீட்டில். இரண்டு சேரியும் ஒரே நாளில் எரியாது என்று கணக்குப் போட்டிருக்கிறார். கைபேசியில் படம் எடுத்து வைத்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்கிறீர்கள். எடுங்கள், கட்டாயம் எடுங்கள். ஆனால் கைபேசியும் அந்த வீட்டில்தான் இருக்கும். இ-சேவை மையத்தில் தரும் ரசீது பலவற்றில் இரண்டு கோடையில் எழுத்து மறைந்துபோகிறது, அதை அன்றே நகல் எடுத்துவிட வேண்டும். பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க முடியாது, முத்திரையைச் சோதிக்கவும் முடியாது. ஓலைக்கு நம் பாட்டிமார் வசம்பு வைத்தார்கள். தாளுக்கும் அது போதும், வருஷத்துக்கு ஒரு முறை வெயிலில் இல்லாமல் நிழலில் காற்றாடப் பிரித்து வைத்தால்.

வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டு விதியிலேயே இருக்கிறது. கேட்டு வாங்கி அதே பெட்டியில் போடுங்கள். கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவருக்குத் தரும் விடுதலைச் சான்றிதழையும் அப்படியே. செங்கல் சூளையிலிருந்து வந்த ஒருவர் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்து நான்காக மடித்து நான்கு துண்டாகக் கிழிந்திருந்ததைப் பார்த்தோம். அது இல்லாமல் மறுவாழ்வுத் தொகைக்கு அவர் அலைந்ததையும் பார்த்தோம்.

இனி எங்கள் தவறு. இயக்கத்துக்காரர்கள் நாம் போகும் வீடுகளில் தாளைக் கேட்கிறோம், நம்பிக் கொடுக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழு ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கிஸ்தி ரசீதுகளை அசலாகவே வாங்கி, மனுவோடு பின் அடித்து ஓர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தது. ஒப்புகைச் சீட்டு வாங்கவில்லை. பிறகு அந்த மனுவும் கிடைக்கவில்லை, ரசீதும் கிடைக்கவில்லை. அந்த ரசீதுகளில்தான் பழைய சர்வே எண் இருந்தது. கர்ணம் செய்ததை நாங்கள் செய்யவில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்த வீட்டுக்கு முடிவு ஒன்றுதான்.

போன மாதம் வேறொரு கிராமத்தில், எண்பது வயதைத் தொடும் ஓர் அம்மா, மஞ்சள் பையிலிருந்து ஒரு கிஸ்தி ரசீதை எடுத்துக் காட்டினார். மை மங்கியிருந்தாலும் எண் படிக்கும்படி இருந்தது. நகல் எடுத்துக்கொண்டு சாயங்காலம் கொடுத்துவிடுகிறோம் அம்மா என்றோம். அவர் ரசீதைத் திரும்பப் பைக்குள் வைத்து, பையை இடுப்பில் செருகி, செருப்பைத் தேடினார். ஜெராக்ஸ் கடை மூன்று கிலோமீட்டர். பேருந்தில் எங்களோடு வந்தார். கடைக்காரர் கண்ணாடிப் பலகையில் தாளை வைத்த நேரம் முழுவதும் அதன் ஓரத்தில் அவருடைய விரல் இருந்தது. அதனால் எங்களிடம் இருக்கும் நகலில் ஒரு மூலை கறுப்பாக இருக்கிறது.