மாதிரி விமானத்தில் பிரஷ் இல்லாத மோட்டார்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கையில் ஒருவகை நெடி எழுந்து, பின்புறத் துவாரங்களின் வழியே நீலப் பொறி தெரியுமாயின், 'கார்பன் தேய்ந்துவிட்டது' என்று நம் வீடுகளில் எவரும் சொல்லிவிடுவர். அந்தக் கார்பன் துண்டின் தொழில் யாது, அது தேய்ந்தே தீரவேண்டிய காரணம் என்ன என்று ஆராயப் புகுவோர்க்கு, ரேடியோவால் இயக்கப்படும் மாதிரி விமானத்தின் சரித்திரம் மிகவும் அனுகூலமானது. ஏனெனில் மிக்ஸியில் நாம் பொறுத்துக்கொள்ளும் நஷ்டத்தை, ஒவ்வொரு கிராம் எடைக்கும் கணக்குச் சொல்லவேண்டிய ஆகாயம் பொறுப்பதில்லை.

நேர்மின்சாரத்தால் ஓடும் மோட்டாரில், சுழலும் கம்பிச்சுருள் அரைச்சுற்றுத் திரும்பியவுடன் அதிற் பாயும் மின்னோட்டம் திசை மாறவேண்டும். மாறாவிடில் முன்னுக்கு இழுத்த காந்தமே பின்னுக்கும் இழுத்துச் சுழற்சியை நிறுத்திவிடும். இம்மாற்றத்தைச் செய்யும்பொருட்டு 1830களில் தோன்றியவையே செப்புத் துண்டுகளாலான கம்யூட்டேட்டரும் அதன்மேல் உரசி நிற்கும் பிரஷும். மிக்ஸியின் கார்பன் துண்டு அந்தப் பிரஷேயாகும். உராய்வு இங்கே ஒரு குற்றமன்று. அந்த ஏற்பாட்டின் ஜீவனே அதுதான்.

ரேடியோ மாதிரி விமானம் மின்சாரத்தால் பறந்ததற்கு முதற் சான்றாகப் பெரும்பாலும் கூறப்படுவது, இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் 1957 ஜூன் 30 அன்று 'ரேடியோ குயீன்' என்ற விமானத்தை வெள்ளி-துத்தநாக மின்கலத்தின் சக்தியால் பறக்கவிட்ட நிகழ்ச்சியாகும். ஜெர்மனியில் ஃபிரெட் மிலிட்கி இதே துறையில் உழைத்தார். அவர் வகுத்த 'சைலென்டியஸ்' என்னும் மாதிரியை கிராப்னர் நிறுவனம் 1960இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. மௌனத்தைக் குறிக்கும் அப்பெயர் பொருத்தமானதே. அக்காலத்து மைதானங்களில் ஒலித்தது எரிபொருள் எஞ்சின்களின் அலறல். ஆயினும் வெற்றி அந்த அலறலுக்கே உரியதாக இருந்தது. நிக்கல்-காட்மியம் மின்கலத்தின் பாரமும் சாதாரணக் காந்தத்தின் பலவீனமும் மின்சார விமானத்தை நெடுங்காலம் ஒரு விநோதப் பொருளாகவே வைத்திருந்தன.

மலிவான '400' ரக மோட்டார்கள் பரவிய பிற்காலத்தும் ஆர்வலரின் கவலை பிரஷைப் பற்றியதாகவே இருந்தது. புதிய மோட்டாரை ஒரு தம்ளர் தண்ணீரில் அமிழ்த்தி, குறைந்த மின்னழுத்தத்தில் ஓடவிடுவர். கரி சிறிது சிறிதாகத் தேய்ந்து கம்யூட்டேட்டரின் வளைவோடு படிய, தண்ணீர் கறுத்துவிடும். பிறகு உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பொறியால் எழும் இரைச்சல் ரேடியோ ரிசீவரைக் குழப்பாதிருக்க, மின்முனைகளுக்குக் குறுக்கே சிறு கெப்பாசிட்டர்களைப் பற்றவைப்பர். இத்தனை உபசாரத்துக்குப் பின்னும், கொடுத்த மின்சக்தியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உஷ்ணமாக வீணாயிற்று.

பிரஷ் ஒழிந்தது என்று சொல்வது வழக்கம். என் கருத்தில், பிரஷின் உத்தியோகம் உலோகத்திலிருந்து குறைகடத்திக்கு மாற்றலாயிற்று என்பதே உண்மைக்கு நெருக்கமானது. காந்தத்தைச் சுழலவிட்டுச் சுருளை நிலையாக நிறுத்தி, திசைமாற்றத்தை டிரான்சிஸ்டர்களிடம் ஒப்படைக்கும் யோசனையை அமெரிக்கப் பொறியியலாளர் வில்சனும் டிரிக்கியும் 1962இலேயே ஓர் ஆய்வுரையில் விளக்கியிருந்தனர். அது பொழுதுபோக்குவோர் கைக்கு எட்ட ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆனதற்குக் காரணம், அதற்கு வேண்டிய துணைகள் வந்து சேராமையே. 1980களின் தொடக்கத்தில் நியோடிமியம் காந்தம் பிறந்தது. பெரும் மின்னோட்டத்தைத் தாங்கும் மாஸ்ஃபெட்டுகளும் கடுகத்தனை மைக்ரோகன்ட்ரோலர்களும் மலிந்தன. 1990களின் மோட்டார்கள் சில, காந்தம் எந்த நிலையில் நிற்கிறது என்று அறிய ஹால் உணரிகளை நாடின. பின்வந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோ அவற்றையும் நீக்கியது: மோட்டாருக்குச் செல்லும் மூன்று கம்பிகளில் இரண்டில் மின்சாரம் பாயும்போது, சும்மா கிடக்கும் மூன்றாவதில் காந்தச் சுழற்சியால் தூண்டப்படும் மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் கணத்தைக் கவனித்தே அடுத்த மாற்றத்தை அது நிச்சயிக்கிறது. 14 துருவங்களுள்ள மோட்டார் ஒரு சுற்றுக்கு 42 முறை மாற்றம் கோரும். நிமிஷத்துக்கு 10,000 சுற்றென்றால் நொடிக்கு 7,000 தீர்மானங்கள்!

இச்சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிரியமான அத்தியாயம் தொழிற்சாலைக்கு வெளியே நிகழ்ந்தது. பழுதான சிடி டிரைவில் தட்டைச் சுழற்றிய மோட்டாரைக் கழற்றி, அதன் மெல்லிய காந்த வளையத்தை எடுத்துவிட்டு, சிறு நியோடிமியம் துண்டுகளை ஒட்டி, தடித்த எனாமல் கம்பியைத் தம் கையாலேயே சுற்றிய ஆர்வலர்கள், வெளிக்கூடு சுழலும் மோட்டாரை 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வீட்டு மேஜைமீது உருவாக்கினர். ஜெர்மனியில் லூக்காஸ், ரெட்ஸ்பாக், கூஃபுஸ் என்ற மூவரின் பெயர்களால் 'எல்.ஆர்.கே.' எனப்பட்ட அமைப்பு இவ்வகையில் பிரசித்தம். கூட்டின் விட்டம் பெரிதாதலால் முறுக்குவிசை மிகுந்து, பற்சக்கரமின்றியே பெரிய புரொப்பெல்லரைச் சுழற்றும் வல்லமை அதற்கு வாய்த்தது. இன்று நம் கூரையில் தொங்கும் பி.எல்.டி.சி. மின்விசிறியும் இதே குலத்தைச் சேர்ந்ததுதான்.

ஆனால், மோட்டாரை மட்டும் மாற்றினால் போதுமென்று எண்ணியவர்களை மல்டிபிளெக்ஸ் நிறுவனத்தின் 'ஈஸி ஸ்டார்' திருத்தியது. '400' ரக மோட்டாருடன் வந்த இந்த நுரை விமானத்தில், புரொப்பெல்லர் இறக்கைக்குப் பின்னால், வால்தண்டுக்கு மேலாகச் சுழல்கிறது. 5 அல்லது 6 அங்குல விட்டத்துக்கு மேல் அங்கே இடமில்லை. ஆகவே பெரிய புரொப்பெல்லருக்கேற்ற மந்தமான மோட்டார் இதற்கு உதவாது. ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் 2,000 சுற்றுக்கு மேல் சுழலும் வேகமான மோட்டாரும், அதற்குத் தக்க 11.1 வோல்ட் லித்தியம்-பாலிமர் மின்கலமும், அதன் மின்னோட்டத்தைத் தாங்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும். மூன்று கம்பிகளில் எவ்விரண்டையும் இடம் மாற்றினால் சுழற்சி எதிர்த்திசையாகும் என்பதால் அங்கே தவறினாலும் கேடில்லை. மின்கல முனைகளை மாற்றி இணைத்தாலோ கருவி புகைந்துபோகும். இவையனைத்தும் சரியாக அமைந்து, முதன்முறை முழு விசையைக் கொடுத்தால் விமானம் மூக்கைக் கீழே சாய்க்கிறது. உந்துவிசையின் கோடு எடைமையத்துக்கு மேலே செல்வதே காரணம். பழைய மோட்டாரின் பலவீனம் இதுகாறும் மறைத்துவைத்திருந்த குறை அது. மோட்டார் பொருந்திய கோணத்தைச் சிறிது திருத்தியோ, எலிவேட்டரைச் சற்று உயர்த்தியோ ஆர்வலர்கள் இதற்குப் பரிகாரம் தேடினர். பின்னர் வந்த இரண்டாம் 'ஈஸி ஸ்டார்', பிரஷ் இல்லாத மோட்டாரை மனத்திற்கொண்டே வகுக்கப்பட்டது.