புயல் கூண்டு பிறந்த கதை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், 'துறைமுகங்களில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்ற செய்தியைப் படிக்காத தமிழர் குறைவு. கம்பத்தில் ஏறும் அந்தக் கூண்டின் கதை தொடங்கிய இடம் வங்கக் கடலுக்கு வெகு தொலைவில், ஐரிஷ் கடலோரம்.

1859 அக்டோபர். 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்கு வந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களில் பாடுபட்டுச் சம்பாதித்தவர்கள் பலர் அதில் ஊர் திரும்பினார்கள். பயணம் முடியும் தறுவாயில், வேல்ஸின் ஆங்கிள்சி தீவருகே புயலில் சிக்கிப் பாறையில் மோதிக் கப்பல் உடைந்தது. சுமார் 450 பேர் இறந்தார்கள். அதே புயலில் பிரிட்டனைச் சுற்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன.

அப்போது பிரிட்டிஷ் அரசின் வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்தவர் ராபர்ட் பிட்ஸ்ராய். சார்லஸ் டார்வினை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிய 'பீகிள்' கப்பலின் கேப்டன் இவர்தான். புயல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வர மணிக்கணக்காகும்; தந்தியோ நொடியில் போய்விடும். முதல் ஊரில் காற்றழுத்தமானி இறங்கும்போதே தந்தி வந்தால், அடுத்த ஊர் தப்பித்துக்கொள்ளலாமே என்று அவர் யோசித்தார். கரையோர நிலையங்களிலிருந்து தந்திகளை வரவழைத்து, 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார்.

தந்தி துறைமுக அலுவலகம் வரைதான் வரும். நங்கூரம் பாய்ச்சி நிற்கும் கப்பலுக்கும் புறப்படத் தயாராகும் மீன்பிடிப் படகுக்கும் யார் போய்ச் சொல்வது? கொடி ஏற்றலாம் என்றால், காற்றில்லாத நேரத்தில் அது சுருண்டு தொங்கும்; தொலைவிலிருந்து நிறமும் பிடிபடாது. பிட்ஸ்ராய் வளையங்களின் மேல் கித்தான் துணியைப் போர்த்திக் கூம்பும் உருளையும் செய்து கம்பத்தில் ஏற்ற வைத்தார். எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் அவற்றின் உருவம் மாறாது. கூம்பின் கூர் மேல்நோக்கியிருந்தால் வடக்கிலிருந்து பெருங்காற்று வரும், கீழ்நோக்கியிருந்தால் தெற்கிலிருந்து. இரவில் அதே உருவத்தை விளக்குகளால் காட்டினார்கள். எழுத்தறியாத மாலுமியும் வானத்தில் படித்துவிடக்கூடிய அறிவிப்பு அது.

ஆனாலும் கணிப்பு தவறிய நாள்களில் அவர் மீது கடுமையான விமர்சனங்கள் விழுந்தன. உடல்நலம் கெட்டு, கடனில் மூழ்கி, மனம் உடைந்த பிட்ஸ்ராய் 1865 ஏப்ரல் 30 அன்று தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு அரசு எச்சரிக்கைகளையே நிறுத்தியது. கடலோடிகள் விடவில்லை, வற்புறுத்திக் கேட்டார்கள். 1867-ல் கூம்புகள் மறுபடியும் கம்பமேறின. அந்த மனிதருக்குக் கிடைத்த உண்மையான மரியாதை அதுதான்.

இதற்கிடையில் 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைப் புயல் தாக்கியது. ஹூக்ளி ஆற்று வழியே கடல் ஏறி வந்ததில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டார்கள். துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை சேதமாயின. பிட்ஸ்ராய் இறந்த அதே 1865-ல் கல்கத்தாவில் துறைமுகப் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. 1880-ல் பம்பாய்க்கும், 1886-க்குள் பிற துறைமுகங்களுக்கும் எச்சரிக்கை முறை விரிந்தது. துறைமுகத்துக்குத் துறைமுகம் குறியீடு வேறுபட்டால் கப்பல்காரர் குழம்பிப்போவார். எனவே 1898 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் ஒரே முறை வந்தது. சிறு மாற்றங்களுடன் அதுவே இன்றும் நடப்பில் இருக்கிறது. பகலில் கூம்பும் உருளையும்; இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

கம்பத்தில் ஏறும் இந்தக் கூண்டுகளுக்கு மொத்தம் 11 எண்கள். 1, 2 ஆகியவை தொலைதூர எச்சரிக்கை: ஆபத்து நடுக்கடலில் இருக்கிறது, புறப்படும் கப்பல்கள் கவனிக்க வேண்டும். 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். இந்த இரு தொகுதிகளிலும் முதல் எண், புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும் என்கிறது. இரண்டாவது, வலப்பக்கம் விட்டு. மூன்றாவது, துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ. ஆகவே 9-ம் எண்ணை 8-ஐவிட ஒரு படி பலமான புயல் என்று எண்ணுவது தவறு. அங்கே மாறுவது பாதை. நம் பகுதியில் புயல்காற்று கடிகாரச் சுற்றுக்கு எதிராகச் சுழல்கிறது. தமிழகக் கரையை மேற்கு நோக்கிக் கடக்கும் புயலுக்கு வலப்பக்கம் வடக்கு. அங்கேதான் காற்று கடல்நீரைக் கரைக்குள் தள்ளும்.

11-ம் எண் தனி. வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான வானிலை வருகிறது என்று துறைமுக அதிகாரி தன் கணிப்பில் ஏற்றுவது. தந்திக் கம்பி அறுந்தாலும் கடலில் நிற்பவரைக் கைவிடக் கூடாது என்று நினைத்தவர்கள் இதையும் சேர்த்திருக்கிறார்கள்.

கூண்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் ஒக்கி புயல் உருவானபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்கும் நம் மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் எது ஏறினாலும் அவர்கள் கண்ணுக்கு எட்டாது. பலர் கரை திரும்பவில்லை; எத்தனையோ குடும்பங்கள் இன்றும் அந்த இழப்பைச் சுமக்கின்றன. அதன்பின் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் நாவிக் கருவிகள் படகுகளுக்கு வந்தன. ஆழ்கடல் செல்லும் ஒவ்வொரு படகிலும் அப்படியொரு கருவி பழுதில்லாமல் இயங்குவதை அரசு உறுதிசெய்ய வேண்டும்.

கரையில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. 1-ம் எண் ஏறிய அன்றே படகையும் வலையையும் மேட்டுக்குக் கொண்டுபோங்கள். வீட்டுப் பத்திரங்கள், மருந்து, குடிநீர், டார்ச் விளக்கை எடுத்துவையுங்கள்; தளர்ந்த கூரையைக் கட்டுங்கள். முகாமுக்குப் போகச் சொன்னால் முதியவர்களையும் குழந்தைகளையும் முதலில் அனுப்புங்கள். புயல் நடுவே காற்று சட்டென்று அடங்கினால் வெளியே வராதீர்கள்: அது புயலின் கண். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப அடிக்கும்.